வாசலிலிருந்து தோட்டம் வரை

வாசகர் கேள்வி – பதில்

விற்கப்போகும் வீட்டை எப்படி ஆயத்தப்படுத்துவது என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். காரைக்குடியில் இருபது வருடமாக இதையே தொழிலாகச் செய்துவரும் அக்கா இங்கே பதில் சொல்கிறார். சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்த கொத்தனாரின் மகள் இவர். நான்கு பெண்களும் ஓர் ஆசாரியும் கொண்ட குழுவோடு சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய், பூட்டிக் கிடக்கும் வீடுகளைச் சுத்தம் செய்து, சின்னப் பழுதுகளைப் பார்த்து, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும்படி ஆக்கித் தருகிறார்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்பதென்று முடிவாகிவிட்டது. ‘விக்கிற வீட்டுக்கு எதுக்குச் செலவு, இருக்கிறபடியே காட்டுவோம்’ என்கிறார் தரகர். அமெரிக்காவில் இருக்கும் என் மகளோ, அங்கே ‘ஹோம் ஸ்டேஜிங்’ செய்துதான் வீட்டை விற்பார்கள், நல்ல விலை கிடைக்கும் என்கிறாள். நம் ஊர் வீட்டுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

ஒத்துவரும் ஐயா. மகள் சொல்வதை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தரகர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

அமெரிக்காவில் இது 1970-களில் தொடங்கியது. சியாட்டில் பக்கத்தில் வீட்டுத் தரகராக இருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்ற அம்மா, நாடக மேடையைத் தயார் செய்வதுபோல விற்கிற வீட்டையும் தயார் செய்து காட்டலாம் என்று சொல்லி அந்தப் பெயரையே வைத்தார். அங்குள்ள வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கம் 2023-ல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. வாங்குகிறவர்கள் தரப்பில் பேசும் தரகர்களில் 81 சதவீதம் பேர், ‘இப்படித் தயார் செய்த வீட்டைப் பார்க்கிறவர்களுக்கு, அதைத் தங்கள் வீடாக நினைத்துப் பார்ப்பது சுலபமாகிறது’ என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். காலி வீடு என்றால் சோபா, கட்டில், விளக்கு எல்லாவற்றையும் வாடகைக்குக் கொண்டுவந்து போட்டு, விற்றதும் எடுத்துப்போய்விடுவார்கள்.

நம் ஊர்க் கணக்கு வேறு. பள்ளத்தூர் வீட்டைப் பார்க்க இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒருவர் அதில் இருக்க நினைப்பவர், அல்லது கானாடுகாத்தானில் செய்திருப்பதுபோல விருந்தினர் தங்கும் இடமாக்க நினைப்பவர். இன்னொருவர் வீட்டைப் பிரித்து விற்கிறவர். அவர் முகப்பில் நின்று தூணை இரண்டு கையாலும் அணைத்துச் சுற்றளவு பார்ப்பார். அண்ணாந்து உத்தரத்தை எண்ணுவார். பர்மா தேக்கு எத்தனை கன அடி தேறும், நிலைக்கதவு எத்தனை, கல்தூண் எத்தனை என்று மனதுக்குள் கூட்டி, மனை விலையையும் சேர்த்து ஒரு தொகை சொல்வார். அது அவர் தொழில், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் ஒருவர் மட்டுமே விலை கேட்கும் நிலையில் வீட்டைப் போட்டுவைத்தால் உங்களுக்கு மரத்தின் விலைதான் கிடைக்கும், வீட்டின் விலை கிடைக்காது. குடியிருக்க நினைத்து வந்தவர் ஒட்டடையையும் இருட்டையும் வௌவால் நாற்றத்தையும் தாங்காமல் பத்து நிமிடத்தில் காருக்குத் திரும்பிவிடுவார். மரக்காரர் நின்று நிதானமாகப் பார்ப்பார். இருட்டு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டை ஆறு வருடத்துக்கு முன்னால் எடுத்துச் செய்தோம். பதினான்கு வருடமாகப் பூட்டியிருந்த வீடு. அதுவரை பார்க்க வந்த நான்கு பேரில் மூன்று பேர் மரக்காரர்கள். நாங்கள் பதினொரு நாள் வேலை செய்தோம். முதல் நாள் முழுக்கச் செய்தது ஒரே வேலைதான், நடுவழியைத் திறந்தோம்.

உங்களுக்குத் தெரியாததா? நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, பட்டாலை என்கிற உயர்ந்த கூடம், நடுவே வானம் பார்த்த வாசலோடு வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, தோட்டம் என்று அத்தனை நிலைகளும் ஒரே கோட்டில் நிற்கும். முன் தெருவில் நிற்கிறவர் கண்ணுக்குப் பின் தெரு வெளிச்சம் தெரிய வேண்டும் என்றுதான் கட்டினார்கள். அந்த வீட்டில் பட்டாலையிலிருந்து வளவுக்கு இறங்கும் இடத்தில் ஓர் இரும்பு பீரோ நின்றது. இரண்டாங்கட்டு நிலையை மறித்துக்கொண்டு ஓட்டை அண்டா, பஞ்சு பிதுங்கிய மெத்தைகள், உடைந்த தொட்டில், ஒரு டிவி ஸ்டாண்டு. எல்லாவற்றையும் ஓரம் கட்டினோம். தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போயிருந்தது. ஆசாரி மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டித் தட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு அதைத் திறந்தார். நான் அப்போது முகப்புப் படியில் நின்றிருந்தேன். ஐந்து நிலைகளைத் தாண்டி வெளிச்சம் ஒரு கோடுபோலத் தரையில் ஓடி வந்து என் காலடியில் நின்றது. அதன் பின்னாலேயே காற்று வந்தது. காவல் இருந்த பெரியவர், ‘ஆச்சி கல்யாணத்தன்னைக்குத்தான் ஆத்தா இந்த வீட்ட இப்படிப் பாத்தேன்’ என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மாவும் அதே படியில்தான் நின்றார், ரொம்ப நேரம். மரக்காரர் கடைசியாகச் சொன்ன தொகையைவிட 19 லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். கூலி, சாமான், பழுது எல்லாம் சேர்த்து எங்களால் ஆன செலவு 1,40,000 ரூபாய். வீடு இன்று ஒரு கல் கூடக் குறையாமல் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் நான் இறங்கிப் பார்க்காமல் வருவதில்லை.

ஆகையால் உங்கள் வீட்டிலும் முதலில் நடுவழி. அடுத்தது வெளிச்சம். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் சன்னல் சிறிது, பகலிலேயே உள்ளே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு மஞ்சள் நிற எல்.இ.டி. பல்பு மாட்டுங்கள். அதற்கு முன்னால் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பழைய ஒயரிங்கைப் பார்த்துவிடுங்கள், எலி கடித்திருக்கும். மூன்றாவது கழிப்பறை. வளவுத் தூணைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் கழிப்பறையைப் பார்த்துத்தான் வேண்டாம் என்கிறார்கள். பின்கட்டில் இருக்கும் பழைய கழிப்பறையை விட்டுவிட்டு, வளவுக்குப் பக்கத்தில் ஒன்றையாவது தண்ணீர் வசதியோடு புதிதாக்கிவிடுங்கள். மொத்தச் செலவில் அதற்குத்தான் அதிகம் ஆகும், ஆகட்டும்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிறகு, நான் பார்த்தவரை, வீட்டை வீடாகவே வாங்க வேண்டும் என்று வெளியூரிலிருந்து தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் உங்கள் வீடு திறந்திருக்கட்டும்.

கேள்வி: வௌவால் நாற்றம் போக என்ன செய்வது? ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டோம். (கண்டனூர் வாசகி)

சாம்பிராணி நாற்றத்தோடு சேர்ந்து இன்னொரு நாற்றமாகத்தான் ஆகும். புழுக்கை இருக்கும்வரை நாற்றம் போகாது. காய்ந்த புழுக்கையை விளக்குமாற்றால் அப்படியே கூட்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து ஊறவைத்து, அள்ளி எடுத்துப் புதையுங்கள். பிறகு வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரால் இரண்டு மூன்று நாள் துடைத்துவிட்டுக் கதவுகளைத் திறந்து போடுங்கள். வௌவால்களை அடிக்கவோ புகை போட்டுக் கொல்லவோ வேண்டாம். பொழுது சாய்ந்ததும் அவை இரை தேடி வெளியே போகும். எந்த இடுக்கு வழியாகப் போகின்றன என்று இரண்டு மூன்று நாள் பார்த்துவைத்து, எல்லாம் போன பிறகு வலை அடியுங்கள். குட்டிகள் இருந்தால் அவை பறக்கிற வரைக்கும் பொறுங்கள். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற சனங்கள் நாம், நாலு வாரம் பொறுக்க மாட்டோமா?

கேள்வி: வீடு விற்பதற்கு முன்னால் பழைய சாமான்களைத் தனியாக விற்றுவிட்டால் இரட்டை லாபம் என்று பங்காளிகள் சொல்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் நிலைக்கதவுக்கே நல்ல விலை சொன்னார். செய்யலாமா? (கோட்டையூர்)

உருளி, அண்டா, மங்குச் சாமான், கூஜா, பெட்டகம் போன்ற எடுத்துப்போகிற சாமான்களை விற்பது உங்கள் விருப்பம். அதிலும் பிள்ளைகளுக்கென்று நாலு பொருள் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வீட்டோடு பொருந்தி நிற்கிற எதையும் கழற்றாதீர்கள். நிலை, தூண், வர்ணக் கண்ணாடிச் சன்னல், சுவரில் பதித்த பெல்ஜியம் கண்ணாடி, உத்தரத்து வேலைப்பாடு எல்லாம் வீட்டின் உடம்பு. லட்சுமி செதுக்கிய நிலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செங்கலும் சிமெண்டும் வைத்துப் பூசிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பல் போன வாய் மாதிரி இருக்கும். வாங்க வருகிறவர் அந்த ஓட்டையைப் பார்த்ததும் ‘இன்னும் என்னென்ன போயிருக்கு?’ என்று கேட்பார். அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வராது. நிலைக்கு வாங்கியதைப்போலப் பல மடங்கு வீட்டு விலையில் குறைந்துவிடும்.

சாமான்களையும் மொத்தமாகக் காலி செய்யாதீர்கள். முழுக்கக் காலியான பட்டாலையில் என்ன செய்வது என்று புது ஆட்களுக்குத் தெரியாது. ஊஞ்சல் ஒன்று ஆடினால் போதும், தெரிந்துவிடும். நான் வழக்கமாக ஊஞ்சல், பட்டாலையில் ஒரு பாய், கணக்கு எழுதுகிற சாய்வு மேசை, வளவு வாசல் மூலையில் மழைத் தண்ணீர் பிடிக்கிற பித்தளை அண்டா, இரண்டாங்கட்டில் ஒரு சாப்பாட்டு மேசை, ஓர் அறையில் விரித்த படுக்கையோடு கட்டில், இவ்வளவைத்தான் விட்டுவைப்பேன். வீட்டோடு எது போகிறது, எது போகவில்லை என்று ஒப்பந்தம் எழுதும்போதே பட்டியல் போட்டுவிடுங்கள். ஊஞ்சல் சங்கிலிக்காகக் கடைசி நாளில் சண்டை வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தாத்தா, அப்பத்தா படங்களைக் கடைக்குப் போடாதீர்கள். வேறு ஊர் ஓட்டல் சுவரில், பேர் தெரியாத அலங்காரமாக அவர்கள் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கே மனசு ஆறுவதில்லை, உங்களுக்கு எப்படி ஆறும்? முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வீட்டில் வைக்கலாம், பங்காளிகள் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். வீடு பார்க்க ஆள் வருவதற்கு முன்னால் அவற்றை எடுத்துவிடுவதுதான் நல்லது. வருகிறவர் அடுத்தவர் வீட்டில் நிற்பதுபோலக் கூசாமல் நடமாட முடியும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் தரை கறுத்துப்போயிருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவி, சுவருக்கு நல்ல பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பளிச்சென்று இருக்கும் அல்லவா? (புதுவயல்)

ரெண்டும் வேண்டாம்!

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட கல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். காய்ந்ததும் கண்ணாடியிலிருந்து கல் கழன்று வரும். அந்தக் கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் முகத்தில் இருக்கிறது. சிமெண்டை ஆசிட் அரிக்கும். ஒரே கழுவில் அந்த முகம் போய்ச் சொரசொரப்பாகிவிடும், பிறகு எத்தனை காலம் துடைத்தாலும் திரும்பாது. வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை உடனே ஒற்றி எடுங்கள். நாலைந்து தடவை செய்ய வேண்டியிருக்கும். கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் லேசாகத் துடையுங்கள். எண்ணெய் கூடினால் தூசி ஒட்டும். ஒரு மூலையில் செய்து பாருங்கள், பூ மேலெழும்பி வருவது தெரியும்.

சுவரைப் பற்றிச் சொல்வதென்றால் என் அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். சுண்ணாம்பைச் சலித்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்துப் பூசி, ஈரம் காயும் முன் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வலது மணிக்கட்டு வீங்கியிருக்கும், அம்மா நல்லெண்ணெய் தடவிவிடுவார். அந்தச் சுவரில் உங்கள் கை நிழல் தெரியும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்பி, பெயிண்டையும் பூச்சையும் சேர்த்து உதிர்த்துவிடும். ஒட்டடை அடித்து, பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து மேலிருந்து கீழாகத் துடைத்தாலே போதும். பூச்சு உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். ஆட்கள் குறைவு, ஆனாலும் தேடினால் கிடைப்பார்கள்.

கேள்வி: எங்களுடையது பங்களா இல்லை. காரைக்குடியில் 1998-ல் கட்டிய இரண்டு படுக்கையறை வீடு, வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். இதற்கும் ஏதாவது உண்டா?

பெரிய வீட்டைவிட உங்களுடையதற்குத்தான் பலன் சீக்கிரம் தெரியும். வாங்க வருகிறவர் ஆசிரியராகவோ, வங்கி ஊழியராகவோ, கடன் போட்டு முதல் வீடு வாங்குகிறவராகவோ இருப்பார். ‘வாங்கியதும் எவ்வளவு செலவு வைக்கும்?’ என்பதுதான் அவருக்குப் பயம். சொட்டுகிற குழாய், ஆடுகிற சுவிட்ச், உரசுகிற கதவு, கிறீச்சிடுகிற கேட் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அவர் மனதில் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கழித்துக்கொண்டே வருவார். நீங்கள் சரிசெய்தால் சில நூறில் முடிகிற வேலைகள்தான் அவை. தண்ணீர்த் தொட்டியையும் மேல் டேங்கையும் கழுவிவிடுங்கள், திறந்து பார்ப்பார்கள். உள்ளே ஒரே வெளிர் நிறமாக வெள்ளையடியுங்கள். வரைபட அனுமதி, மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் மேசை மேல் இருக்கட்டும். கடன் போடுகிறவருக்கு ஊஞ்சலைவிட அந்த ஃபைல்தான் அழகாகத் தெரியும்.

குடியிருப்பவர்களை மதித்து நடந்துகொள்ளுங்கள். இது அவர்கள் வீடும்தான். திடுதிப்பென்று ஆள் கூட்டிக்கொண்டு போகாமல், வாரத்தில் இரண்டு நாள், மாலை ஐந்திலிருந்து ஆறு என்று பேசிவைத்து, அந்த மாதங்களுக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் குடியிருந்த தங்கை, ஆள் வரும் நாளெல்லாம் கோலம் போட்டு, கொடியில் துணி இல்லாமல் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டை அவர்தான் விற்றுக் கொடுத்தார் என்று சொல்வேன். காலி செய்துவிட்டார்கள் என்றால், ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலியுமாவது வாங்கிப் போடுங்கள். காலி அறை கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும். கட்டில் கிடந்தால்தான் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்பது புரியும்.

கேள்வி: ஐந்து பங்கு உள்ள வீடு. செலவை யார் செய்வது? (சிங்கப்பூர் வாசகர்)

எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட பிறகுதான் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யுங்கள். ஒருவர் முன்பணம் போட்டு, விற்ற தொகையிலிருந்து முதலில் அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பிரிப்பது என்று எழுதிவைப்பதுதான் நான் பார்த்ததில் சண்டை வராத வழி. ரசீதுகளை ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். வீட்டுப் பெண்மக்களை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989-லும், பிறகு நாடு முழுக்க 2005-லும் வந்த சட்டத் திருத்தங்களால் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு வந்திருக்கிறது. யார் யார் கையெழுத்து வேண்டும் என்று வக்கீலிடம் முதலில் கேளுங்கள். நாங்கள் தரையைத் துடைத்து முடித்த பிறகு, சொல்லாமல் விட்ட ஒரு அத்தையின் கையெழுத்துக்காக மூன்று வருடம் நின்ற வீடு ஒன்று உண்டு. அந்தத் தரை திரும்பவும் கறுத்துவிட்டது.

கேள்வி: இரண்டாங்கட்டில் ஓடு ஒழுகி, சுவரில் கறை இருக்கிறது. ஒழுகலை நிறுத்த பெரிய செலவாகும். கறையை மட்டும் மறைத்துவிடலாமா? (அரிமளம்)

கூடாது. நான் ஒரு தடவை செய்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். சித்திரை மாதம். வீட்டுக்காரர் சொன்னார் என்று கறையின் மேல் இரண்டு கை வெள்ளையடித்தோம். அட்வான்ஸ் கைமாறியது. பத்திரம் தள்ளிப்போய் ஐப்பசி வந்துவிட்டது. அடை மழை. வாங்கவிருந்தவர் வீட்டைப் பார்க்கப் போனபோது, அதே இடத்தில் அதே கறை இன்னும் அகலமாக எழுந்திருந்தது. அவர் நேரே என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, ‘இது ஒனக்கு அப்பவே தெரியுமா, தெரியாதாம்மா?’ என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். வியாபாரம் முறிந்தது. அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, சாதாரணமாகப் பார்த்தால் வாங்குகிறவருக்குத் தெரியவராத பெரிய குறை ஏதும் விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போதெல்லாம் நான் வேலை எடுத்துக்கொண்டால் ஒரு தாளில் வீட்டின் குறைகளை எழுதிவிடுவேன். எந்த இடத்தில் ஓடு மாற்ற வேண்டும், எந்தக் கட்டையில் கரையான், சரிசெய்ய ஓட்டு வேலைக்காரர் எவ்வளவு சொன்னார் என்று எழுதி, வருகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். சின்ன ஒழுகல் என்றால் புரட்டாசிக்குள் நாட்டு ஓட்டைப் பிரித்து அடுக்கிவிடுங்கள். உங்களுடையதுபோலப் பெரிய செலவு என்றால் கறையைக் கறையாகவே காட்டி, தொகையைச் சொல்லி, விலையில் பேசிக்கொள்ளுங்கள். வீட்டைச் சுத்தம் செய்து வெளிச்சம் போட்டு வைப்பது, வருகிறவருக்கு எல்லாம் நன்றாகத் தெரியட்டும் என்றுதான். கறையும் அதில் சேர்த்தி.

கேள்வி: போட்டோ எப்படி எடுப்பது? (தேவகோட்டை)

காலை பத்து மணிக்கு மேல், வளவு வாசலில் வெயில் இறங்கியிருக்கும்போது. எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, முகப்புப் படியிலிருந்து தோட்டம் வரை தெரியும் படம் ஒன்று, வளவின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒன்று, சமையலறை, கழிப்பறை, கிணறு, ஓட்டின் மேல்பக்கம். கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். அறையை நீட்டிக் காட்டுகிற லென்சு வேண்டாம், நேரில் வந்து ஏமாந்துபோவார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. தனியாக இருக்க முடியாமல் எங்களோடு மதுரைக்கு வரச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் வீட்டைப் பார்க்க ஆள் வந்தால் முகம் வாடிவிடுகிறது, ஒரு சாமானைக்கூட நகர்த்த விடுவதில்லை. வீட்டை எப்படித் தயார் செய்வது? (தேவகோட்டை வாசகி)

தங்கச்சி, முதலில் அம்மாவைத் தயார் செய்வோம். வீடு காத்திருக்கும்.

போன வருடம் ஒரு ஆச்சி வீட்டில் வேலை. நாங்கள் போன அன்று ஆச்சி வளவில் சாய்வு நாற்காலியைப் போட்டு நடுவழியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் தாண்டிப் போக விடவில்லை. நான் அன்று விளக்குமாற்றைத் தொடவே இல்லை. ஆச்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ‘இந்தப் பெட்டகம் எந்தக் கல்யாணத்துக்கு வந்துச்சு ஆச்சி?’ என்று கேட்டேன். கல்யாணச் சீர் எழுதிவைக்கிற முறைச்சிட்டையைப் படிப்பதுபோலச் சொன்னார்கள். எந்தச் சாமான் யார் கொடுத்தது, எந்த அறையில் யாருக்குப் பிரசவம் பார்த்தது என்று சாயங்காலம் வரைக்கும் சொன்னார்கள். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் அந்த நோட்டை வைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் எந்தப் பேத்திக்கு, எந்தப் பேரனுக்கு என்று ஆச்சியே சீட்டு எழுதி ஒட்டச் சொன்னார்கள். நாலாம் நாள் பீரோவை நகர்த்தச் சொன்னதும் அவர்கள்தான். சாய்வு நாற்காலியை மட்டும் நாங்கள் தொடவில்லை. வளவுத் தாழ்வாரத்தில் கொஞ்சம் ஓரமாக ஆச்சியே அதைப் போட்டுக்கொண்டார்கள்.

திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண். ஆச்சி அசையவில்லை. அந்தப் பெண் பின்கட்டுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தபோது, நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார்கள்: ‘கோடையிலயும் வத்தாதுத்தா. சகடைக்கு மட்டும் மாசம் ஒருக்கா எண்ணெய் விட்டுக்க.’ அந்தப் பெண் திரும்பி வந்து ஆச்சி காலடியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் தரகரும் வெளியே திண்ணையில் இருந்தோம்.

உங்கள் அம்மாவிடமும் நோட்டைக் கொடுங்கள், சொல்லச் சொல்லுங்கள். சாமி அறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்போது எப்படி எடுப்பது என்று அம்மாவே நாள் பார்த்துச் சொல்லட்டும். ஆள் வருகிற நாளில் அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், அவர்கள் விரும்பினால் இருக்கட்டும். வருகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ‘அம்மா இருப்பார்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்’ என்று.

பங்குனிக்கு முன் நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு வேலைக்கு வருகிறேன். கூலி வேண்டாம், ஒரு நாள் வந்து அம்மாவோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். அவர்களுக்கு எந்தக் கிழமை தோதுப்படும் என்று கேட்டு எழுதுங்கள்.